அக்னி நட்சத்திர இரவில் மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் தினமும் காலையில் சேர்ந்து ஓடும் குழு நாங்கள். சுமார் நாற்பது பேர். சென்னை, கோவை என்று போய் மாரத்தான் ஓடியவர்களும் இருக்கிறோம், அரை மாரத்தான் மட்டும் ஓடியவர்களும் இருக்கிறார்கள். மே மாதம் ஒரு சனிக்கிழமை இரவில் எங்களுக்குள்ளேயே ஒரு முழு மாரத்தான் நடத்த ஆசை. வீட்டுமனைப் பிரிவு ஒன்றைச் சுற்றி 3 கிலோமீட்டர் வருகிற சாலை இருக்கிறது. அதையே 14 முறை சுற்றுவதாகத் திட்டம். வெயிலே இல்லாதபோது என்ன ஆபத்து என்கிறார்கள் சிலர். ஏற்காட்டில் வைத்தால் குளுகுளுவென்று ஓடலாமே என்கிறார்கள் வேறு சிலர். 52 வயது நண்பர் ஒருவர் பிபி, சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் ஓடியே தீருவேன் என்று நிற்கிறார். எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும், மருத்துவ ஏற்பாடு என்ன செய்ய வேண்டும், டாக்டர்? (பெயர் வெளியிட வேண்டாம், சேலம்.)

பதில்: நடத்தலாம். ஆனால் வெயிலே இல்லாதபோது என்ன ஆபத்து என்று கேட்கும் நண்பர்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். ஓடுபவருக்கு வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஓடும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை, அதுவும் அது ஆவியாகிப் போனால்தான். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடக்கிற மாதிரி, காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. சூரியன் மறைந்தாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். மே மாதத்தில் சேலத்தில் சாயங்காலம் ஒரு கோடை மழை பெய்துவிட்டு நின்றால் அன்றைய இரவு எப்படிப் புழுங்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். 2019இல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை இரவு 11.59க்குத் தொடங்கினார்கள். கடற்கரைச் சாலையில் 7 கிலோமீட்டர் சுற்று, ஆறு முறை. கிட்டத்தட்ட உங்கள் திட்டமேதான். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். உலகின் தேர்ந்த வீராங்கனைகள் 68 பேர் கிளம்பி, 40 பேர்தான் முடித்தார்கள். மற்ற 28 பேரும் வழியிலேயே விலகிவிட்டார்கள். விலகியவர்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. நடு இரவில்கூட வெப்பம் இப்படி ஆளைச் சாய்க்கும்.

அதனால் அன்று ஓடலாமா வேண்டாமா என்பதைத் தேதி பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு சாதாரண வெப்பமானி போதும். ஒன்றை அப்படியே தொங்கவிடுங்கள். இன்னொன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். இரவு என்பதால் கணக்கு சுலபம்: ஈரத்துணி வெப்பமானி காட்டுவதில் பத்தில் ஏழு பங்கும், காய்ந்த வெப்பமானி காட்டுவதில் பத்தில் மூன்று பங்கும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, காற்று 29 டிகிரி, ஈரத்துணி 24 டிகிரி என்றால் 16.8, அதோடு 8.7, ஆக 25.5. இந்தக் கூட்டுத்தொகை 28ஐத் தாண்டினால் ஓட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் வழிகாட்டுதல். 23 முதல் 28 வரை இருந்தால் ஆபத்து அதிகம். ஓடலாம், ஆனால் வேகத்தைக் குறைத்து, நேரத்தைப் பற்றிய ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு. உங்கள் ஊர் மே மாத இரவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். இரவு ஒன்பதரைக்கு அளந்து, எண்ணை ஒரு போர்டில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். 28ஐத் தாண்டினால் அன்றைக்கு நடையும் சாப்பாடும்தான் என்று முன்கூட்டியே குழுவில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் பேச ஆரம்பித்தால் யாருக்கும் நிறுத்த மனம் வராது.

எத்தனை மணிக்குத் தொடங்குவது? நான் இரவு 11 மணி என்பேன். காலை ஓட்டத்தில் முடிக்கிற நேரம்தான் வெப்பம் கூடும், களைத்த உடம்பு அதைத் தாங்காது. இரவில் அதற்கு நேர்மாறு: தொடக்கத்தில் புழுக்கம், போகப் போகத் தணியும், விடியற்காலையில்தான் வெப்பம் மிகக் குறைவு. ஆறரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கட்ஆஃப் வைத்தால் அதிகாலை 5.30க்கு எல்லாரும் முடித்துவிடுவார்கள், மே மாதத்தில் உங்கள் ஊரில் சூரியன் வர ஆறு மணி ஆகும். அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கினால் மெதுவாக ஓடுபவர்கள்தான் வெயிலில் மாட்டுவார்கள். அவர்கள்தான் அதைத் தாங்க முடியாதவர்களும்கூட.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே சாலையை 14 முறை சுற்றுவது சலிப்பாக இருக்கும் என்று உங்கள் குழுவில் யாராவது முனகியிருப்பார்கள். மருத்துவராக எனக்கு உங்கள் திட்டத்தில் மிகவும் பிடித்தது அந்தச் சுற்றுதான். ஊரிலிருந்து ஊருக்கு ஓடும் மாரத்தானில் 30ஆவது கிலோமீட்டரில் ஒருவர் தடுமாறினால் அது அடுத்தவர் கண்ணில் படுவதற்குள் காலம் கடந்துவிடலாம். உங்கள் ஓட்டத்தில் வேகமானவர் கால் மணி நேரத்துக்கு ஒரு முறையும், மெதுவானவர் அரை மணி நேரத்துக்கு ஒரு முறையும், சுற்று முடியும் இடத்தில் நீங்கள் போடும் அதே தண்ணீர் மேசையைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் கடக்கிற நொடியை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மேசையில் தண்ணீர் ஊற்றித் தருகிற ஆள் வேறு, ஆளைப் பார்க்கிற ஆள் வேறு. ஓடாத ஒருவர், உங்கள் நாற்பது பேரின் முகமும் நடையும் தெரிந்த ஒருவர், இரவு முழுக்க அந்த ஒரு வேலையை மட்டும் செய்யட்டும். ஒருவரால் விடிய விடிய முடியாது என்றால் இரண்டு பேர் மாற்றி மாற்றி. மேசையை நெருங்கும்போது ஓடுபவர் தன் எண்ணையும் முடித்த சுற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பதினேழு, ஆறு முடிஞ்சது!" அதை இவர் தாளில் எழுதிக்கொள்கிறார். சுற்று எண்ணுவதற்காக வைத்த ஏற்பாடு மாதிரித் தெரியும். உண்மையில் இது ஒரு மூளைப் பரிசோதனை. உடம்பின் வெப்பம் கட்டுமீறி ஏறுகிற ஹீட் ஸ்ட்ரோக் முதலில் கைவைப்பது புத்தியில்தான். ஆறாவது சுற்றை முடித்தவர் நான்கு என்கிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர் எரிந்து விழுகிறார், நேராக ஓடாமல் சாலையின் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் இழுபடுகிறார் என்றால் அடுத்த சுற்று கிடையாது. வியர்க்கிறதே, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஓடும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு தொப்பலாக நனைந்தே இருக்கும்.

தாளில் சுற்றோடு நேரத்தையும் எழுதுங்கள். முந்தைய சுற்றைவிடத் திடீரென்று நான்கைந்து நிமிடம் கூடினால் அவரை நிறுத்திப் பேசிப் பாருங்கள். வர வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால் பைக்கில் ஒருவர் எதிர்த்திசையில் போய்ப் பார்க்க வேண்டும். 3 கிலோமீட்டர் சுற்றில் எந்த இடமும் மேசையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இல்லை, எங்கே விழுந்தாலும் சில நிமிடங்களில் ஆள் போய்ச் சேரலாம். பெரிய மாரத்தான்களுக்குக்கூட இந்த வசதி கிடையாது.

அந்த மேசைக்காரருக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். "நீங்க போதும்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை, அமைப்பாளரே ஆனாலும் சரி. இதை ஓட்டத்துக்கு முன்பே எல்லாரிடமும் எழுதி வாங்கிவிடுங்கள். வாக்குவாதம் செய்பவரைப் பார்த்தால் எனக்குக் கவலை இன்னும் கூடும். புத்தி குழம்பியவருக்கு, தான் குழம்பியிருப்பது தெரியாது.

அடுத்தது தண்ணீர். எவ்வளவு வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு குடிக்காமல் இருப்பது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் சுற்றோட்டத்தில் ஆபத்து அந்தப் பக்கம்தான் அதிகம். சுற்றில் இரண்டு இடத்தில் தண்ணீர் வைக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் மரியாதைக்கு ஒரு டம்ளர், 200 மில்லி என்று வையுங்கள். 14 சுற்றில் 28 டம்ளர், 5.6 லிட்டர்! ஒல்லியான உடம்புள்ள, மெதுவாக ஓடும் ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் வியர்வையாகப் போவது அதில் பாதியாகக்கூட இருக்கலாம். மீதித் தண்ணீர் ரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்குத்தான் இது அதிகம்.

எனவே தாகம் எடுத்தால் குடிக்கட்டும், தாகம் இல்லையென்றால் மேசையைத் தாண்டிப் போகட்டும். "குடிங்க, குடிங்க" என்று உபசாரம் செய்ய வேண்டாம் என்று தன்னார்வலர்களிடம் சொல்லிவையுங்கள். நம் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு முன் வரும் வாரங்களில் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடி, முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொண்டால், குறைந்த எடைதான் அவருடைய ஒரு மணி நேர வியர்வை. அதைத் தாண்டிக் குடிக்கக் கூடாது. அன்றைக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு எடை மிஷின் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் ஏற்றிப் பாருங்கள், கிளம்பியதைவிட எடை கூடியிருந்தால் அவருக்குத் தண்ணீரை நிறுத்துங்கள்.

வெறும் தண்ணீரோடு ஓஆர்எஸ் கரைசலும் உப்புப் போட்ட நீர்மோரும் வைக்கலாம். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கண்ணளவு வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரை மட்டும் நம்ப முடியாது. சாப்பிட வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், கொஞ்சம் உப்பு போட்ட உருளைக்கிழங்கு. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம், சாயங்காலம் ஏழு மணிக்குள் இட்லியோ தயிர் சாதமோ. வரும் வழியில் தட்டுவடை செட் கடையைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஞாயிறு சாயங்காலம் ஆசை தீரச் சாப்பிடலாம்.

மருத்துவ ஏற்பாட்டில் நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் ஐஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஐஸ் பார் வாங்கி, சாக்கில் சுற்றி, உடைப்பதற்கு ஒரு சுத்தியலோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பெரிய தார்ப்பாய், சின்டெக்ஸில் தண்ணீர், பத்துப் பன்னிரண்டு துண்டு. ஓடும்போது விழுந்து, புத்தி குழம்பி, உடம்பு கொதிக்கிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. உடலின் உள்வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

தார்ப்பாயை நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆக்குங்கள். ஆளை அதில் படுக்க வைத்து, தலை மட்டும் மேலே இருக்க, ஐஸும் தண்ணீரும் கொட்டி, தண்ணீரை அலைத்துக்கொண்டே இருங்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கட்டும். உள்வெப்பம் 102க்கு இறங்கியதும் வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றலாம். வெப்பத்தை ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானியில்தான் பார்க்க வேண்டும். நெற்றியிலோ காதிலோ அக்குளிலோ பார்த்தால் குறைத்துக் காட்டிவிடும். டாக்டரோ நர்ஸோ அதைச் செய்யட்டும், ஒரு மறைப்புத் திரை கட்டிவையுங்கள், பெண்களுக்குப் பெண் நர்ஸ் இருக்கட்டும். கூச்சத்தால் இதைத் தவிர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன். அளக்க முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், குழப்பமும் சூடும் இருந்தாலே ஐஸில் இறக்கிவிடலாம்.

ஓட்டம் முடிந்த கோட்டைத் தாண்டியதும் ஒருவர் சரிந்தால் பெரும்பாலும் அது வேறு கதை. ஓடிக்கொண்டிருந்த கால் சட்டென்று நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கி, தலை சுற்றுகிறது. படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். முடித்தவர்களை உட்கார விடாமல் கொஞ்சம் நடக்க வைத்தால் பாதிப் பேருக்கு இந்த மயக்கமே வராது. கோட்டுக்கு முன்பே, ஓடுகிற ஓட்டத்திலேயே விழுபவர்தான் அவசரம். ஒன்று மட்டும்: "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. சோடியம் குறைந்து குழம்பியிருப்பவருக்கு ட்ரிப் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அங்கே ட்ரிப் போடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் ஒன்று மேசைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 108 கூப்பிட்டால் வரும், உங்களுக்காக இரவு முழுக்க நிற்காது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது, அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு தகவல் கொடுத்துவையுங்கள். குறைந்தது நான்கு பேராவது மார்பை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைச் செய்து பழகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. அபூர்வம்தான், ஆனால் நின்றவர்களில் பிழைத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்தவர் உடனே கைவைத்ததால் பிழைத்தவர்கள்.

இப்போது அந்த 52 வயது நண்பர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த இரவில் அவர் முழு மாரத்தான் ஓட வேண்டாம். பிபி மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் உடம்பில் நீரும் உப்பும் முன்பே குறைந்திருக்கும். சர்க்கரைக்குச் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரை சாப்பிட்டால் அதுவும் நீரை இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ என்றால் மூன்றாவது மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து போகலாம், அந்தத் தடுமாற்றத்தை மேசைக்காரர் ஹீட் ஸ்ட்ரோக் என்று நினைக்கவும் கூடும். அவர் தன் டாக்டரிடம் மாத்திரைப் பட்டியலோடு போய், ஓடப்போவதைச் சொல்லி, ஈசிஜியும் தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனையும் செய்துகொள்ளட்டும். "ஓடுற அன்னைக்கு மட்டும் மாத்திரை வேண்டாம்" என்று அவரே முடிவெடுக்கக் கூடாது. டாக்டர் சரி என்றால், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஏழு சுற்று. சுற்றோட்டத்தில் அதுவும் ஒரு வசதி, ஏழாவது சுற்றில் நிறுத்தினால் அரை மாரத்தானை எட்டியவராக மேசையருகிலேயே நிற்பார். மேசையில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். வலி மாத்திரை அவருக்கு மட்டுமில்லை, யாருக்கும் கூடாது. ஓடும்போது டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெங்களூரிலிருந்து நண்பர்கள் விருந்தாளியாக ஓட வந்தால் அவர்களையும் தனியாகக் கவனியுங்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். நீங்களும் காலை ஐந்து மணிக்கு மட்டும் ஓடிப் பழகியவர்கள் என்றால், கடைசி இரண்டு வாரம் இரவு எட்டரை மணிப் புழுக்கத்தில் மெதுவாக ஒரு மணி நேரம் ஓடிப் பழகுங்கள்.

ஏற்காடு? உங்கள் ஊரைவிடச் சுமார் 1,200 மீட்டர் உயரம், அதனால் ஏழெட்டு டிகிரி குறைவு, வெப்பத்தை மட்டும் பார்த்தால் அதுதான் நல்ல இடம். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஏரியைச் சுற்றி வண்டியும் கூட்டமும் நெரியும். கூட்டம் இல்லாத இடம் வேண்டும் என்று காப்பித் தோட்டங்கள் வழியாகப் போகும் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலையை எடுத்தால், இரவில் வெளிச்சம் இல்லை, மூடுபனி இறங்கும், காட்டெருமை குறுக்கே நிற்கும். அதைவிடப் பெரிய குறை, அவ்வளவு பெரிய சுற்றில் ஓடுபவர் உங்கள் கண்ணை விட்டு மணிக்கணக்கில் மறைந்துவிடுவார். யாருக்காவது ஏதாவது ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மலை மேல் ஓட ஆசை இருந்தால் குளிர்காலத்தில் ஒரு பகல் நேரத்தில் போங்கள்.

மற்றவை சுருக்கமாக. எல்லாரும் கடிகாரம் சுற்றும் திசையில், வலது ஓரமாகவே ஓடுங்கள். வலது ஓரம்தான் சுற்றின் உள்ஓரம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், சாலையைக் கடக்கவும் வேண்டாம். பாதியில் திசை மாற்றினால் இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள், நெற்றி விளக்கு கண்ணைக் கூசும். தூரத்தை வாட்ச் ஜிபிஎஸ்ஸை நம்பி அளக்காதீர்கள், சுற்றுக்குப் பத்து மீட்டர் பிழை 14 சுற்றில் 140 மீட்டர் ஆகிவிடும். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், 14 சுற்றில் வருவது 42; மிச்சமிருக்கும் 195 மீட்டருக்குத் தொடக்கக் கோட்டை மேசைக்கு அந்த அளவு பின்னால் போட்டுக்கொண்டால் போதும். வேகத்தடைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஒவ்வொருவரும் மார்பில் குத்திக்கொள்ளும் பிப் எண் அட்டையின் பின்னாலும் பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, வீட்டு ஃபோன் நம்பர் இருக்கட்டும். போலீசுக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, அந்த மனைப்பிரிவில் தூங்குபவர்களுக்கும் அதுதான் நல்லது.

நாய்களை அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதே நேரத்தில், அதே சாலையில், சில இரவுகள் முன்பே ஓடிப் பழகினால் அவையும் உங்களுக்குப் பழகிவிடும். துரத்தினால் ஓடாமல் நின்று நடந்து கடங்கள். கடித்துவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி.

இடி மின்னல் வந்தால், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிகூட இல்லை என்றால், உடனே நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ ஏற்றுங்கள். மரத்தடியும் ஷாமியானாவும் வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் மீண்டும் தொடங்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, விடிந்ததும், ஓடியவர்கள் யாரும் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. இரவெல்லாம் தூங்காமல் 42 கிலோமீட்டர் ஓடிய உடம்பு பைக்கில் உட்கார்ந்ததும் கண்ணயரும். ஓடாத குடும்பத்தினரோ நண்பர்களோ வந்து அழைத்துப் போகட்டும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபமோ மாடியோ பேசி, பாய் விரித்து, இரண்டு மூன்று மணி நேரம் தூங்கவிட்டு அனுப்புங்கள்.